15 நாள் வோபரின் இல்லாமல்: வால்வ் மாத்தின ஒரு அம்மாவின்ர கேஸ்

அம்மாவின்ர சம்மதத்தோடதான் இதை எழுதுறன். ஊரையும் வயசையும் கொஞ்சம் மாத்தியிருக்கிறன். திகதியளைப் போடேல்ல, கிழமையை மட்டும் போட்டிருக்கிறன், ஏனெண்டா இந்தக் கேஸில எல்லாமே என்ன கிழமை எண்டதிலதான் பிழைச்சது.

அவவுக்கு 58 வயசு. ஒட்டுசுட்டானுக்கு அங்கால ஒரு கிராமம், முத்தையன்கட்டுக் குளத்துத் தண்ணியில ரெண்டு ஏக்கர் வயல், மேட்டுக்காணியில கச்சான். சின்ன வயசில வாதக் காய்ச்சல் வந்து இருதய வால்வில பழுது, அதுக்காக மாசாமாசம் பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டு இருந்தவ. 2008, 2009 இல இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து போகேக்க அந்த ஊசி மாசக்கணக்கில தவறிப்போச்சுது, மெனிக் பாம் அகதி முகாமில இருந்து வெளியில வரேக்க நிமிர்ந்து படுக்க ஏலாத அளவுக்கு மூச்சு இழுப்பு. 2011 இல கொழும்பில, இருதயத்தின்ர இடது பக்க ரெண்டு அறைக்கும் நடுவில இருக்கிற மைட்ரல் வால்வை எடுத்துப்போட்டு உலோக வால்வ் வச்சவை. அதோட இதயத் துடிப்பும் ஒழுங்கில்லை, ஏட்ரியல் பிப்ரிலேஷன். அண்டையில இருந்து ஒவ்வொரு நாளும் இரவு 8 மணிக்கு, ரத்தம் கட்டியா உறையாமல் மறிக்கிற வோபரின் குளிசை 4 மில்லிகிராம், 3 இல ஒண்டும் 1 இல ஒண்டும். ரத்தம் உறைய எவ்வளவு பிந்துது எண்டு காட்டிற நம்பர்தான் ஐ.என்.ஆர்., கூடினா பிந்தி உறையும். அது 2.5 இல இருந்து 3.5 க்குள்ள இருக்கோணும், இது நடக்க முந்தின ஆறு மாசமும் அவவின்ரது 2.6 க்கும் 3.3 க்கும் இடையிலதான் நிண்டது. எங்கட கிளினிக்கில இவ்வளவு ஒழுங்கா வாற ஆக்கள் குறைவு. பேத்தி பக்கத்தில படுத்தா "அம்மம்மாவுக்குள்ள மணிக்கூடு ஓடுது" எண்டு சொல்லுமாம், அந்த வால்வ் சத்தம் இரவில அவ்வளவு துல்லியமாக் கேக்கும்.

இவவுக்கு இடது கணுக்காலுக்கு உள்பக்கமா ஒரு புண், ரெண்டு வருஷமா ஆறேல்ல. முழங்காலுக்குக் கீழ நாளம், அதாவது ரத்தத்தை இருதயத்துக்குத் திருப்பிக் கொண்டு போற குழாய், கயிறு மாதிரிப் புடைச்சு முறுகி நிக்குது, வெரிகோஸ் வெயின்தான். ரத்த ஓட்டத்தைக் காட்டிற டொப்ளர் ஸ்கான் செய்து பாத்ததில தொடைக்குள்ளால போற பெரிய மேல்நாளத்தின்ர வால்வுகள் ஒழுகுது, ரத்தம் மேல போகாமல் கீழ இறங்கித் தேங்குது, அதாலதான் புண் ஆறேல்ல. பெரிய ஆஸ்பத்திரி ஒண்டின்ர சேர்ஜிக்கல் கிளினிக்கில கவட்டில நாளத்தைக் கட்டி, உரிச்சு எடுக்கிற ஒப்பரேஷன் செய்யலாம் எண்டு முடிவெடுத்து ஒரு செவ்வாய்க்கிழமை திகதி குடுத்தினம். கிளினிக் கொப்பியில ஒரு வரி: வோபரின் 5 நாளுக்கு முன்னம் நிப்பாட்டவும். அவ்வளவுதான்.

அந்த வரியை நானும் பாத்தனான். ஒப்பரேஷனுக்கு மூண்டு கிழமைக்கு முதல் என்ர ஐ.என்.ஆர். கிளினிக்குக்கு வந்தவ, ரிசல்ட் 2.9, அடுத்த பக்கத்தில டோஸை எழுதிக் கையெழுத்துப் போடேக்க முன்பக்கத்தில அந்த வரி தெரிஞ்சது. அண்டைக்கு 70 பேருக்கு மேல வெளியில நிண்டவை. மிச்சத்தை சேர்ஜரிக்காரர் பாப்பினம் எண்டு நினைச்சு அனுப்பிப்போட்டன். சேர்ஜரிக்காரர் மெடிக்கல் கிளினிக் பாக்கும் எண்டு நினைச்சிருப்பினம். அந்த அம்மா ரெண்டு கிளினிக்குக்கும் நடுவில நிண்டவ.

ஏன் 5 நாள் எண்டதை முதல்ல விளங்கோணும். வோபரின் ரத்தத்தை "ஐதாக்கிறது" இல்லை, அப்பிடிச் சொல்லிச் சொல்லியே நாங்களும் பழகிட்டம். ஈரல் வைட்டமின் கே ஐ வச்சு ரத்தம் உறையிறதுக்கான சில புரதங்களைச் செய்யுது, 2, 7, 9, 10 எண்டு நம்பர் போட்ட காரணிகள். வோபரின் அந்த வைட்டமினைத் திருப்பிப் பாவிக்க விடாமல் மறிக்கும். குளிசையை நிப்பாட்டினாலும் அது உடம்பில பாதியாக் குறையவே ஒண்டரை நாள் மட்டில போகும், பிறகு ஈரல் புதுசாப் புரதம் செய்து சேர்க்கோணும், அதில இரண்டாம் காரணி மெதுவா ஏறும். அதால ஐ.என்.ஆர். 3 இல நிக்கிற ஒராள் 1.5 க்குக் கீழ வர 5 நாள் தேவை. திருப்பித் தொடங்கேக்கையும் இதே கணக்குத்தான், இண்டைக்குப் போட்ட குளிசை இண்டைக்கு வேலை செய்யாது, 5 நாளோ அதுக்கு மேலயோ எடுக்கும். ஆகவே 5 நாள் நிப்பாட்டு எண்டா உண்மையில பாதுகாப்பில்லாமல் இருக்கிற காலம் ஒப்பரேஷனுக்கு முன்னம் ரெண்டு மூண்டு நாள், பின்னம் அஞ்சாறு நாள், சேர்த்துப் பாத்தா ஒரு கிழமைக்கு மேல. சாதாரண ஆளுக்கு அது பெரிய விஷயமில்லை, மைட்ரல் இடத்தில உலோக வால்வும் ஏட்ரியல் பிப்ரிலேஷனும் சேர்ந்து இருக்கிற ஆளுக்கு அப்பிடி இல்லை, அங்க ரத்தம் கெதியாக் கட்டி பிடிக்கும்.

இனி நடந்ததைச் சொல்லுறன்.

ஒப்பரேஷன் செவ்வாய், அதால கடைசிக் குளிசை முதல் கிழமை புதன் இரவு. அதை அவ சரியாச் செய்தவ, வியாழனில இருந்து போடேல்ல. அவவுக்கு நிப்பாட்டினது சந்தோஷமும் கூட. பக்கத்து வீட்டு ஆரோ "அது எலிக்கு வைக்கிற மருந்தாம் அக்கா, அதையே ஒவ்வொரு நாளும் முழுங்கிறியள்" எண்டு சொல்லி அவவின்ர மனசில ஒரு பயம் நிண்டிருக்கு. அது பொய்யும் இல்லை. கெட்டுப்போன குளோவர் புல்லைத் திண்ட மாடுகள் ரத்தம் ஒழுகிச் செத்ததை ஆராயப் போய்த்தான் இந்த மருந்துக் குடும்பம் கண்டுபிடிச்சது, 1940களின்ர கடைசியில வோபரினை எலிக்குத்தான் வித்தவை, 1954 இலதான் மனிசருக்கு வந்தது. நான் இப்ப கிளினிக்கில இதை நானாவே முதல்ல சொல்லிப்போடுவன், ஆரும் பக்கத்து வீட்டில சொல்ல முன்னம். எலிக்கு அளவில்லாமல் வைக்கிறது, உங்களுக்கு மாசாமாசம் ரத்தம் எடுத்து அளந்து தாறது எண்டு.

திங்கட்கிழமை விடிய மகளோட பஸ் ஏறி மாங்குளம் வந்து, அங்க மாறி ஏ9 ஆல போய் வாட்டில அட்மிட். ஐ.என்.ஆர். 1.3, ஒப்பரேஷனுக்கு நல்ல நம்பர். பின்னேரம் வந்து சொல்லியிருக்கினம், நாளைக்கு லிஸ்ட் இல்லை, அவசரக் கேஸ்கள் வந்திட்டுது, அடுத்த செவ்வாய் வாங்கோ எண்டு. அது எங்க எண்டாலும் நடக்கிறதுதான், அதில ஆரையும் குறை சொல்ல ஏலாது. ஆனா வீட்ட அனுப்பேக்க வோபரினைப் பற்றி ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்ல. அம்மா தானா ஒரு கணக்குப் போட்டவ, அந்தக் கணக்கை எனக்குப் பிறகு விரல் மடிச்சுக் காட்டினவ: "திங்கள் இரவு வந்து சேர்ந்தன் பிள்ளை, அடுத்த செவ்வாய்க்கு அஞ்சு நாள் எண்டா வியாழன் திருப்பி நிப்பாட்ட வேணும்தானே, செவ்வாயும் புதனும் ரெண்டு நாள் போட்டு என்ன செய்யிறது எண்டு விட்டிட்டன்." கணக்கில பிழை இல்லை. அந்த ரெண்டு குளிசை ஐ.என்.ஆரைத் தூக்கியும் இராது. பிழை என்னெண்டா குளிசை இல்லாத அந்த இடைவெளியில ரத்தம் உறையாமல் மறிக்கிற ஊசி ஒண்டு வந்திருக்கோணும், அதை அவவுக்குத் தெரிய வழியில்லை.

அடுத்த கிழமை மார்கழி மழை. குளம் வான் பாஞ்சு, றோட்டுக்கு மேலால தண்ணி, ஞாயிறும் திங்களும் பஸ் ஓடேல்ல. மருமகன் வாட்டுக்கு ஃபோன் எடுத்துச் சொல்ல, பரவாயில்லை அதுக்கு அடுத்த செவ்வாய் வாங்கோ எண்டு திருப்பியும் ஒரு திகதி. குளிசையைப் பற்றி அவரும் கேக்கேல்ல, அங்கால கதைச்சவரும் சொல்லேல்ல. இப்ப நாள் எண்ணிப் பாருங்கோ, புதன் கடைசிக் குளிசை, அடுத்த புதன் ஏழு, அதுக்கடுத்த புதன் பதினாலு.

15 ஆம் நாள் வியாழன். விடிய 5.40 மட்டில பிட்டுக்குத் தேங்காய் திருவிக்கொண்டு இருந்தவ. திருவலையில இருந்தபடியே வலது கை திடீரெண்டு விட்டுப் போன மாதிரி, தேங்காய்ப் பாதி கையால நழுவி விழுந்திட்டுதாம். முழங்கைக்குக் கீழ கடுமையான நோவு, பிறகு விறைப்பு. விளக்கு வெளிச்சத்தில பாக்கக் கை வெள்ளைக்கடதாசி மாதிரி. மகள் ஓடி வந்து நல்லெண்ணெய் போட்டு உருவி, சுடுதண்ணி ஒத்தடமும் குடுத்திருக்கு. பாரிசவாதமோ எண்டு வாயையும் காலையும் பாத்திருக்கினம், ரெண்டும் நல்லாத்தான் இருந்தது, அதால "கொஞ்சம் இருந்து பாப்பம், நரம்பு பிடிச்சிருக்கும்" எண்டு ஒரு மணித்தியாலம் போட்டுது. மோட்டச்சைக்கிளில இருத்தி எங்கட ஈ.டி.யுவுக்கு, அவசர சிகிச்சைப் பிரிவுக்கு, கொண்டு வரேக்க 7.50.

நான் வலது கையைத் தொட்டன், மற்றக் கையையும் தொட்டன். ஒண்டு சூடு, ஒண்டு கிணத்துத் தண்ணிக்குள்ள இருந்து எடுத்த மாதிரி. வலது மணிக்கட்டில நாடி இல்லை, பெருவிரல் பக்கமும் இல்லை, சின்னிவிரல் பக்கமும் இல்லை, மேற்கையில உள்பக்கமா நாடி அடிக்குது, முழங்கைக்குச் சரியா மேல வந்து நிண்டுபோகுது. நகத்தை அமத்தி விட்டா திருப்பிச் சிவக்க 6 செக்கன். விரல் அசைக்கிறா, ஆனா நுனி விறைப்பு. நேர்ஸ் பிள்ளை பழக்கத்தில ஒக்சிஜன் பாக்கிற கிளிப்பை வலது சுட்டுவிரலில போட்டுது, திரையில கோடே வரேல்ல, மெஷின் பழுதோ எண்டு கழட்டி இடது விரலில போட 98. சின்ன ஆஸ்பத்திரியில வேலை செய்யிற ஆக்களுக்கு இதைத்தான் சொல்ல வேணும் எண்டு எனக்கு ஆசை: எங்களிட்ட கையில பிடிக்கிற டொப்ளர் இல்லை, ஆனா அந்தக் கிளிப் எல்லா இடமும் இருக்கு, ரெண்டு கையிலயும் மாறி மாறிப் போட்டுப் பாக்க 20 செக்கன்.

நெஞ்சில ஸ்டெதஸ்கோப் வச்சன், வால்வ் சத்தம் கூர்மையா, டிக் டிக் எண்டு இருந்தது. அது மங்கிப் போயிருந்தா வால்விலேயே கட்டி பிடிச்சு ஒட்டிப்போச்சுது எண்டு யோசிக்கோணும், அது இன்னும் பெரிய ஆபத்து. அப்பதான் கொப்பியை வாங்கிப் பாத்தன். "வோபரின் எப்ப கடைசியாப் போட்டனீங்கள் அம்மா?" எண்டு கேக்க, "அது நிப்பாட்டச் சொன்னவையெல்லே பிள்ளை, அண்டைக்குப் புதன் போட்டதுதான்" எண்டா. எந்தப் புதன் எண்டு கேட்டு எண்ணி முடிக்கேக்க எனக்கு வயித்தைப் பிசைஞ்சது.

இருதயத்தின்ர இடது மேலறையிலயோ வால்வின்ர ஓரத்திலயோ பிடிச்ச ரத்தக்கட்டி ஒண்டு கழண்டு, கைக்கு ரத்தம் கொண்டு போற குழாய், நாடி, முழங்கையடியில ரெண்டாப் பிரியிற இடத்தில போய் அடைச்சிருக்கு. மூளைக்குப் போகாமல் கைக்குப் போனதை நாங்கள் அதிஷ்டம் எண்டுதான் சொல்லோணும். தசையும் நரம்பும் ரத்தம் இல்லாமல் தாங்கிறது 6 மணித்தியாலம் மட்டில, 5.40 இல இருந்து மணிக்கூடு ஓடத் தொடங்கிட்டுது. ஹெபரின் 5000 யூனிட் நாளத்துக்குள்ள குடுத்தம், 8.05. அது கட்டியைக் கரைக்காது, கட்டிக்கு அங்கால இங்கால இன்னும் உறையாமல் மறிக்கும். நோவுக்கு மோர்பின். கையைச் சூடாக்க வேண்டாம், ஒத்தடம் வேண்டாம், பஞ்சால சுத்தித் தொங்காமல் வைக்கச் சொன்னம், ரத்தமில்லாத தோல் சூட்டை உணராது, கெதியா வெந்துபோகும். பெரிய ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய் ஒப்பரேஷன் செய்யிற வாஸ்குலர் டீமுக்கு நானே ஃபோன் எடுத்து "மெக்கானிக்கல் மைட்ரல் வால்வ், 15 நாள் வோபரின் இல்லை, வலது கை, விரல் அசையுது, உணர்வு குறையுது" எண்டு ஒரே மூச்சில சொல்ல அவை கேட்ட கேள்வி ஒண்டே ஒண்டு, எத்தினை மணிக்குத் தொடங்கினது. 8.25 க்கு அம்புலன்ஸ் வெளிக்கிட்டுது.

10.15 க்கு அங்க, 10.50 க்குத் தியேட்டர். அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, முழங்கை மடிப்பில வெட்டி, நாடியைத் திறந்து, நுனியில பலூன் உள்ள மெல்லிய குழாயை உள்ளுக்குவிட்டு, கட்டிக்கு அங்கால போன பிறகு பலூனை ஊதி மெதுவா வெளிய இழுக்கிறது. ஃபோகாட்டி எண்ட டொக்டர் 1960களின்ர தொடக்கத்தில கொண்டு வந்த முறை, இண்டைக்கும் அதேதான். மூண்டு சென்ரிமீற்றர் நீளத்தில கடும்சிவப்புக் கட்டி வந்ததாம், அதுக்குப் பின்னால ஒரு சின்ன வால். 11.25 க்கு மணிக்கட்டில நாடி. அண்டைக்கு எடுத்த ஐ.என்.ஆர். 1.1.

இதில ஒண்டைக் கவனியுங்கோ. 15 நாளா "ரத்தம் போகும்" எண்டு பயந்து மருந்தை நிப்பாட்டி வச்சிருந்தம், கடைசியில அவவுக்கு நாடியையே வெட்டித் திறந்த ஒப்பரேஷன் முழுசா ஹெபரினுக்குள்ளதான் நடந்தது. பிறகு இருதயத்தைப் பாக்கிற எக்கோ ஸ்கானில வால்வின்ர ரெண்டு இதழும் நல்லா அசையுது, அடைப்பு இல்லை. ஹெபரின் ட்ரிப், ரெண்டாம் நாள் இரவில இருந்து வோபரின் 4 மில்லிகிராம், ஐ.என்.ஆர். ரெண்டு நாள் தொடர்ந்து 2.5 க்கு மேல வந்த பிறகுதான் ஹெபரினை நிப்பாட்டினது, 9 ஆம் நாள் வீட்ட வந்தவ. கை முழுசாத் திரும்பிட்டுது, சுட்டுவிரல் நுனியில மட்டும் ஒரு மரப்பு இருக்கு எண்டு சொல்லுறா, ஊசியில நூல் கோக்கேக்க தெரியுமாம்.

அப்ப என்ன செய்திருக்கோணும்?

வோபரினை நிப்பாட்டித்தான் ஆகோணும் எண்டு வந்திருந்தா, அந்தக் கொப்பியில இப்பிடி எழுதியிருக்கோணும். புதன் இரவு கடைசிக் குளிசை. வியாழன், வெள்ளி ஒண்டும் இல்லை. சனி காலமையில இருந்து ஹெபரின் குடும்பத்து எனொக்ஸபரின் ஊசி ஒரு நாளைக்கு ரெண்டு தரம், கிலோவுக்கு 1 மில்லிகிராம், அவவின்ர நிறை 52 கிலோ, அதால 60 மில்லிகிராம் சிறிஞ்சில 0.1 மில்லிலீற்றரை வெளிய விட்டுப்போட்டு மிச்ச 50 ஐ வயித்துத் தோலுக்குக் கீழ. கடைசி ஊசி திங்கள் காலமை, ஒப்பரேஷனுக்கு 24 மணித்தியாலம் முன்னம், திங்கள் இரவு ஊசி இல்லை. திங்கள் ஐ.என்.ஆர். பாக்கிறது, 1.5 க்கு மேல எண்டா சேர்ஜரிக்காரருக்குச் சொல்லுறது. செவ்வாய் இரவு ரத்தம் போகேல்ல எண்டா வழமையான டோஸில வோபரின் தொடக்கம். ஊசி திருப்பி 24 மணித்தியாலத்துக்குப் பிறகு, காயம் பெரிசு எண்டா 48 இல இருந்து 72 மணித்தியாலம் பொறுத்து, ஐ.என்.ஆர். இலக்குக்கு வாற வரைக்கும். அதுக்குக் கீழ தடிச்ச எழுத்தில: திகதி மாறினா அண்டைக்கே இந்த நம்பருக்கு ஃபோன் எடுக்கவும், ஊசியை நிப்பாட்ட வேண்டாம்.

கடைசி வரி இல்லாட்டி மேல உள்ளது முழுக்க அரை ஓடர்தான். எங்கட பக்கத்தில திகதி மாறும், மழை வந்தா மாறும், மெஷின் பழுதானா மாறும், பஸ்ஸைத் தவற விட்டா மாறும், ஆனை றோட்டில நிண்டா கூட மாறும். கொழும்பில இருந்து எழுதின வழிகாட்டியில ஒப்பரேஷன் நாள் அசையாமல் நிக்கும், எல்லாம் அதில இருந்து பின்னுக்கு எண்ணுப்படும். இஞ்ச முதல்ல அசையிறது அந்த நாள்தான்.

ஊசி குடுக்க முன்னம், கிட்னி எப்பிடி வேலை செய்யுது எண்டு காட்டிற கிரியற்றினின் பாக்கோணும். வவுனியா பக்கமும் வெலிஓயாப் பக்கமும் காரணம் தெரியாத கிட்னி வருத்தம் எத்தினை பேருக்கு இருக்கு எண்டு எங்களுக்குத் தெரியும், வெளியில பாத்தா நல்ல ஆள் மாதிரி இருப்பினம். எனொக்ஸபரின் கிட்னியாலதான் வெளிய போறது, கிட்னி வடிக்கிற வேகம், கிளியரன்ஸ், 30 க்குக் கீழ எண்டா நாளைக்கு ஒருதரம்தான், இல்லாட்டி தேங்கி ரத்தம் போகும். ஊசியை ஆர் போடுறது எண்டதும் கேள்வி. இந்த அம்மாவின்ர வீட்டில இருந்து ரெண்டு நேரமும் ஆஸ்பத்திரிக்கு வர ஏலாது, மகளுக்கு அரை மணித்தியாலம் காட்டிக் குடுத்தாக் காணும். சிறிஞ்சை ஃபிரீசருக்குள்ள வைக்காதேங்கோ, தகரக்கூரைக்குக் கீழ கொதிக்கிற இடத்திலயும் வைக்காதேங்கோ, மண்பானைக்குப் பக்கத்தில நிழலான தட்டில ஒரு பெட்டிக்குள்ள போட்டு வைக்கலாம்.

இதை வாசிச்சிட்டு வோபரின் போடுற எல்லாருக்கும் ஊசி வேணும் எண்டு நினைக்கிறதும் பிழை. 2015 இல வந்த பெரிய ஆய்வு ஒண்டில, ஏட்ரியல் பிப்ரிலேஷனுக்கு வோபரின் போடுற 1884 பேரை எடுத்து, பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்குப் போலி ஊசி. கட்டி போய் அடைச்சது ஊசி போட்ட ஆக்களில 0.3 வீதம், போடாத ஆக்களில 0.4, கிட்டத்தட்ட ஒண்டுதான். பெரிய ரத்தப்போக்கு ஊசி போட்ட ஆக்களில 3.2 வீதம், போடாத ஆக்களில 1.3. அதாவது வெறும் ஏட்ரியல் பிப்ரிலேஷனுக்கு இந்த ஊசி தீமைதான் கூட. ஆனா உலோக வால்வ் உள்ள ஆக்களை அந்த ஆய்வுக்குள்ள எடுக்கவே இல்லை. 2022 அமெரிக்க வழிகாட்டி உலோக வால்வுக்கும் பொதுவா ஊசி வேண்டாம் எண்ட பக்கம்தான் சாயுது, ஆனா மைட்ரல் வால்வோட வேற ஆபத்தும் சேர்ந்திருந்தா, பழைய வகை வால்வ் எண்டா, குடுக்கலாம் எண்டு விடுது. இந்த அம்மா சரியா அந்த விதிவிலக்குக்குள்ள வாறா. நான் குடுத்திருப்பன். வேற டொக்டர் ஒராள் வெறும் 5 நாள் இடைவெளி எண்டா குடுக்காமலும் விடலாம், அதில நான் சண்டை பிடிக்க மாட்டன். 15 நாள் இடைவெளிக்கு ஒருத்தரும் ஓம் எண்டு சொல்ல மாட்டினம்.

இன்னொண்டு, எங்கட சனம் எல்லாத்தையும் "ரத்தம் ஐதாக்கிற குளிசை" எண்டு ஒரே பேரால சொல்லுறது. அஸ்பிரினும் அதுதான், குளோபிடோகிரலும் அதுதான், வோபரினும் அதுதான். போன வருஷம் ஒரு ஐயா, காலில நாடி அடைப்புக்கு பலூன் போட வந்தவர், "ஐதாக்கிற குளிசையை நிப்பாட்டுங்கோ" எண்ட சொல்லைக் கேட்டு அஸ்பிரினை நிப்பாட்டிப்போட்டு வோபரினைப் போட்டுக்கொண்டு வந்தவர், நேர் தலைகீழ். நாடிக்குள்ள செய்யிற வேலையளுக்கு அஸ்பிரினைப் பெரும்பாலும் நிப்பாட்டிறதே இல்லை, ஸ்டென்ட் வச்ச ஆக்கள் குளோபிடோகிரலைத் தாங்களா நிப்பாட்டவே கூடாது. புதுக் குளிசையள், ரிவரொக்ஸபான், அபிக்ஸபான் மாதிரி, கிட்னி நல்லா இருந்தா சின்ன வேலைக்கு முதல் நாளும் பெரிய வேலைக்கு ரெண்டு நாளும் விட்டாக் காணும், ஊசியும் தேவையில்லை. "ஏன் டொக்டர் எனக்கு அந்தப் புதுசைத் தரேல்ல, ரத்தம் எடுக்கிற கரைச்சலும் இல்லையாமே" எண்டு இந்த அம்மாவே கேட்டவ. உலோக வால்வுக்கு அது சரிவராது, அந்தப் புதுக் குளிசையளில ஒண்டான தபிகற்றானைக் குடுத்துப் பாத்த ஆய்வை 2013 இல இடையில நிப்பாட்டினவை, கட்டியும் கூட, ரத்தப்போக்கும் கூட. அவவுக்கு வோபரின்தான், உயிர் உள்ளவரைக்கும்.

நாலு மாசத்துக்குப் பிறகு அந்தப் புண்ணுக்குத் திருப்பிப் போகவேண்டி வந்தது. புண் அப்பிடியே இருந்தது, அவவுக்குப் பயம், "கால் புண்ணோட இருந்திட்டுப் போறன் பிள்ளை, கையைத் தந்த கடவுளுக்கு அது காணும்" எண்டா. இந்த முறை நான் ஒரு பக்கக் கடிதம் எழுதி, ஒரு கேள்வியைத்தான் கேட்டன்: இவவுக்கு வோபரினை நிப்பாட்டாமல் செய்யக்கூடிய வேலை ஏதும் இருக்கா? வாஸ்குலர் சேர் உடனேயே சொன்னவர், உரிச்சு எடுக்கத் தேவையில்லை, லேசர் போடலாம், அதுக்கு வோபரின் நிப்பாட்டத் தேவையில்லை எண்டு. முதல் தரமே ஆரும், நான் உட்பட, இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாம். எத்தினை நாள் நிப்பாட்டிறது எண்டதுக்கு நாங்கள் எல்லாரும் மறுமொழி வச்சிருக்கிறம், நிப்பாட்டத்தான் வேணுமா எண்டதைக் கேக்கிறதில்லை.

முதல் நாள் ஐ.என்.ஆர். 2.7. முழங்காலடியில ஒரு ஊசித் துவாரம், அதுக்குள்ளால லேசர் நாரை ஸ்கானில பாத்துப் பாத்து மேல ஏத்தி, நாளத்தைச் சுத்தி மரக்கிற மருந்து கலந்த தண்ணியை விட்டு, உள்ளால சுட்டு மூடிக்கொண்டு வாறது. ஒரு மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சு, காலுக்கு இறுக்கமா பண்டேஜ் சுத்தி, அண்டைக்கே நடந்தவ, இரவு 8 மணிக்கு வழமைபோல 3 இல ஒண்டும் 1 இல ஒண்டும். உள்தொடையில நாகப்பழ நிறத்தில ஒரு கண்டல் மூண்டு கிழமை இருந்தது, வேற ஒண்டும் இல்லை. பண்டேஜை விடாமல் கட்டி, பத்தாம் கிழமை புண் மூடிட்டுது. ஒழுகிற நாளத்தைக் கெதியா மூடினா புண் கெதியா ஆறும் எண்டு 2018 இல பிரிட்டனில 450 பேரை வச்சுக் காட்டினவை, ரெண்டு வருஷமா அந்தப் புண்ணுக்குக் கட்டுப்போட்ட ஆக்களுக்கு அதை நேரில பாக்கேக்க ஒரு ஆறுதல்.

இப்ப அவவின்ர வீட்டுச் சுவரில, நெல் ஆலைக்காரர் குடுத்த கலண்டரில, குளிசை போட்ட ஒவ்வொரு இரவுக்கும் பேத்தி சிவப்புப் பென்சிலால ஒரு புள்ளி போடுது. அந்தக் கலண்டரை மருமகன் ஃபோட்டோ எடுத்து மாசாமாசம் கிளினிக்குக்குக் கொண்டு வாறார். எங்கட கிளினிக்கிலயும் ஒப்பரேஷன் திகதி உள்ள வோபரின் ஆக்களின்ர கொப்பிக்கு மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டுறம், அந்த ஸ்டிக்கர் உள்ள ஆளை நேர்ஸ் பிள்ளை திகதிக்கு அடுத்த நாள் தானா ஃபோன் எடுத்து நடந்ததோ எண்டு கேக்கும்.

போன கிழமை அவ தானா எடுத்தவ. "பிள்ளை, கடைவாய்ப் பல்லு ஒண்டு புடுங்க வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கினம், ஞாயிறு நிப்பாட்டவோ?" எண்டு. இல்லை அம்மா, நிப்பாட்டாதேங்கோ, ஒரு பல்லுக்கு வோபரின் நிப்பாட்டிறதில்லை, புதன் வந்து ரத்தம் குடுங்கோ, ஐ.என்.ஆர். 4 க்குக் கீழ எண்டா புடுங்கலாம், பஞ்சை அரை மணித்தியாலம் இறுக்கிக் கடிச்சுக்கொண்டு இருங்கோ, வால்வ் இருக்கிறபடியா முன்னுக்கு ஒரு அன்ரிபயோட்டிக்கும் வேணும், அதை நான் பல் டொக்டரோட கதைக்கிறன் எண்டு சொன்னன். புதன் பாத்தது 2.8. வெள்ளி புடுங்கினதாம், பின்னேரம் கூழ் குடிச்சதாம், இரவு 8 மணிக்குச் சிவப்புப் புள்ளியும் விழுந்திருக்கு.